தூர் தெரிகிறதா?

நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் வயதான புளியமரம் ஒன்றின் அடியைப் பாருங்கள். தண்டு நேராக மண்ணுக்குள் இறங்குவதில்லை. தரைக்கு ஒரு முழம் மேலேயே அகலத் தொடங்கி, நாலா பக்கமும் புடைத்துப் பரவி, அதற்குப் பிறகுதான் வேராகி மண்ணுக்குள் போகிறது. தண்டு எங்கே முடிந்தது, வேர் எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாத அந்த இடம்தான் தூர். அடுத்து, சென்ற ஆண்டு ஏதோ ஒரு விழாவில் நட்டுப் படமெடுத்துக்கொண்ட மரக்கன்றிடம் போங்கள். பெரும்பாலும் அது விளக்குக் கம்பம் நட்டதுபோல மண்ணிலிருந்து நேராகக் கிளம்பியிருக்கும். விரல் பருமன் கன்றில் தூரின் புடைப்பு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் முதல் பக்கவேர்கள் கிளம்பும் இடமாவது தரைமட்டத்தில் கைக்குத் தட்டுப்பட வேண்டும். விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டே போனால் நான்கு விரல், ஆறு விரல், சில சமயம் ஒரு சாண் ஆழத்தில்தான் அது கிடைக்கிறது.

இப்படிப் புதைந்த கன்று உடனே சாவதில்லை. முதல் ஆண்டு துளிர்க்கும். இரண்டாம் ஆண்டு இலைகள் சற்றுச் சிறுத்து வரும். பிறகு நுனிக்கிளைகள் காயத் தொடங்கும், அக்கம்பக்கத்து மரங்கள் பச்சையாக இருக்கும்போதே இலை பழுத்து உதிரும். ஐந்தாம் ஆண்டோ பத்தாம் ஆண்டோ மரம் பட்டுப்போகும்போது பழி தண்டுத் துளைப்பான் மீது விழும், மண் மீது விழும், வறட்சி மீது விழும். நட்ட நாளை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தண்டுத் துளைப்பான் உண்மையிலேயே உள்ளே இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தைத் தேடி வந்த விருந்தாளி.

தண்டின் பட்டையும் வேரின் தோலும் ஒன்றல்ல. பட்டை காற்றுக்காக உருவானது. முருங்கை, வாகை போன்ற மரங்களின் இளங்கிளையில் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும் பட்டைத்துளைகள் வழியாகத் தண்டின் உயிருள்ள செல்கள் மூச்சு விடுகின்றன. அந்தப் பட்டையை ஈரமண்ணில் புதைத்தால் துளைகள் அடைபடும். காய வேண்டிய பட்டை எந்நேரமும் நனைந்தே கிடக்கும். பட்டையின் உள்ளடுக்கில், கத்திமுனை ஆழத்தில், ஃபுளோயம் இருக்கிறது. இலைகள் சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்கும் வழி அதுதான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பிகி, மரத்தண்டில் பட்டையை மட்டும் வளையமாக உரித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியது; கீழே வளர்ச்சி நின்றது. மேலிருந்து வரும் உணவு அங்கே தேங்கிவிட்டது. ஆழ நட்ட மரத்தில் மால்பிகியின் கத்தி செய்த வேலையை அழுகல் செய்கிறது. தூரைச் சுற்றிப் பட்டை அழுகினால் முதலில் பட்டினி கிடப்பது வேர்தான். இலைக்கு அந்தச் செய்தி எட்டப் பல மாதம் ஆகலாம்.

அழுக வைப்பவற்றில் முக்கியமானது ஃபைட்டாப்தோரா. பார்க்கப் பூஞ்சை போலிருக்கும். இனத்தால் பூஞ்சை அல்ல, பழுப்புப் பாசிகளுக்கு உறவு. இதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணிலுள்ள நீரில் நீந்திப் போய்ப் பட்டையைத் தொற்றும். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளின் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தூர் அழுகல் சூறையாடியது. அதற்குப் பிறகுதான் நோய் தாங்கும் நாரத்தை வகை அடிச்செடியில் ஆரஞ்சை ஒட்டுக் கட்டும் வழக்கம் உலகெங்கும் வலுப்பெற்றது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தண்டில் பிசின் வடிந்தால் முதலில் தூரிலுள்ள மண்ணை விலக்கிப் பார்ப்பார்கள்.

இது பட்டையின் கதை. வேருக்கு நேர்வது வேறு. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மண் துகள்களின் இடைவெளி வழியாகத்தான் அது வேருக்கு இறங்க வேண்டும். இடைவெளியில் தண்ணீர் நின்றுவிட்டால், ஆக்சிஜன் ஊடுருவும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் சுமார் 30 பெறும் வேர்ச்செல், அது இல்லாதபோது இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் ஏறியதும் வேர்ச்செல்களின் சவ்விலுள்ள அக்குவாபோரின் என்ற நீர்வழிப் புரதங்கள் மூடிக்கொள்கின்றன. வேரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, உள்ளே போக வழியில்லை. இலை வாடுகிறது. வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறோம்!

மணற்பாங்கான நிலத்தில் காற்றோட்டம் நன்றாக இருப்பதால் சற்று ஆழமாக நட்டாலும் மரம் சமாளித்துவிடும். களிமண்ணில் நான்கு விரல் ஆழமே வினையாகலாம். ஒரே ஆழத்தில் நட்ட இருவரில் ஒருவர் தோட்டம் பிழைத்து இன்னொருவர் தோட்டம் போவதற்கு இந்த வித்தியாசம் போதும்.

சென்னையில் ஒரு பள்ளி மைதானத்தில் நட்டு ஒரு மழைக்காலம்கூட முடியாத மகிழங்கன்று ஒன்றைத் தூக்கி நட வேண்டியிருந்தது. அங்கே தோட்ட வேலை பார்த்த பெரியவருக்கு அதில் உடன்பாடில்லை.

“நல்லா ஆழமா வச்சாத்தானே சார் வேர் பிடிக்கும்? மேல வச்சா காத்துக்குச் சாஞ்சிடாதா?”

“உங்களுக்கு எந்த ஊர்ண்ணே?”

“பேராவூரணிப் பக்கம். எங்க ஊர்ல தென்னைக்கு மூணடிக் குழி எடுப்போம். அரையடிக் குழில வச்சா எங்கப்பா அடிச்சிருப்பாரு.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தென்னையைப் பொறுத்தவரை அது சரி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தண்டு ஆண்டுக்கு ஆண்டு பருப்பதும் கிடையாது. அதன் வேர்கள் எல்லாமே தண்டின் அடிப்பகுதியிலிருந்து புதிது புதிதாகக் கிளம்புபவை. அந்த அடிப்பகுதி எவ்வளவு மண்ணுக்குள் இருக்கிறதோ அவ்வளவுக்கு வேர் விட இடம். அதனால்தான் மூன்றடிக் குழியின் ஆழத்தில் கன்றை வைத்து, அது வளர வளர மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே வருகிறார்கள். அந்தத் தென்னையிலும்கூடக் கன்றின் கழுத்தில் மண் விழுந்தால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். வாழைக்கும் கரும்புக்கும் மரவள்ளிக்கும் மண் அணைப்பதும் அவரவர் அனுபவத்தில் கண்ட உண்மைதான். தலைமுறை தலைமுறையாக மண்ணை அணைத்துப் பலன் கண்ட கை, மகிழங்கன்றையும் மாங்கன்றையும் பார்த்ததும் அதே வேலையைச் செய்கிறது. தப்பு கையில் இல்லை, செடி மாறியதில் இருக்கிறது.

புதைந்த தண்டிலிருந்து வேர் விட முடியுமா என்பதுதான் கேள்வி. முருங்கை, கல்யாண முருங்கை, பூவரசு, ஒதியன், கிளுவை, ஆல், அரசு இவற்றையெல்லாம் போத்து வெட்டி நட்டாலே பிழைத்துக்கொள்ளும். தண்டிலேயே வேர் விடும் திறமை இருப்பதால் ஆழ நட்டாலும் புதிய மட்டத்தில் ஒரு வேர்க்கூட்டத்தை உண்டாக்கிக்கொள்ளும். மா, புளி, இலுப்பை, நாவல், மகிழம் போன்றவற்றுக்குச் சாதாரணமாக அது வாய்ப்பதில்லை. போத்து வைத்து வளர்க்கிற மரமென்றால் பொறுத்துக்கொள்ளும், விதை போட்டு வளர்க்கிற மரமென்றால் பொறுக்காது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்குகள் உண்டு, கையில் எந்த நூலும் இல்லாதபோது உதவும் கணக்கு இது. ஒட்டு மாங்கன்றில் இன்னொரு கவனமும் தேவை. ஒட்டுக் கட்டிய இடம் தரைக்கு மேலே நன்றாகத் தெரிய வேண்டும்.

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். காற்றுக்குச் சாயாமல் மரத்தைப் பிடித்து நிறுத்துவது புதைந்த தண்டு அல்ல, பக்கவாட்டில் பரவிய வேர். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கிளைகளின் விரிவைத் தாண்டியும் அவை ஓடுகின்றன. ஆழ நட்ட மரத்தில் நேர்மாறான ஆபத்துகூட உண்டு. காற்றைத் தேடி மேல்நோக்கி வரும் வேர்களில் சில, தண்டைச் சுற்றி வளைந்துகொள்ளும். தண்டும் பருக்கிறது, வளைந்த வேரும் பருக்கிறது. சில ஆண்டுகளில் வேரே தண்டை நெரிக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் புயலில் விழுந்த நகர மரங்களை ஆராய்ந்தபோது, லிண்டன் மரங்கள் பல தரைக்குச் சற்றுக் கீழே, வேர் நெரித்த அதே இடத்தில் முறிந்திருந்ததைக் கண்டார்கள். நட்ட கன்று ஆடாமல் இருக்க வேண்டுமென்றால் முட்டுக்கம்பு கொடுத்தால் போதும்; வேர் பிடித்ததும் அதையும் எடுத்துவிட வேண்டும்.

வேண்டுமென்றே ஆழமாக நடுபவர்கள் ஒருபுறமிருக்க, சரியாக நட்டதாக நினைத்தும் ஆழமாகிப்போவது இன்னும் அதிகம். நாற்றங்காலில் சின்னப் பையிலிருந்து பெரிய பைக்கு மாற்றும்போது மேலே மண் போட்டு நிரப்புகிறார்கள். தூர் அங்கேயே புதைந்துவிடுகிறது. பையின் மண்மட்டத்தை நம்பித் தரைமட்டத்துக்கு நட்டவர் தன்னையறியாமல் ஆழ நட்டவர் ஆகிறார். அடுத்தது குழி. மூன்றடிக் குழியில் தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து பொலபொலவென்று நிரப்பி, அன்றைக்கே அதன் மேல் கன்றை வைத்தால், முதல் மழையில் மண் அமரும். எரு மட்கி இன்னும் இறங்கும். கன்றும் கூடவே இறங்கும். இறுகிய நிலத்தில் பெரிய குழி தேவைதான்; அப்படி எடுத்தால் நிரப்பித் தண்ணீர் விட்டு, மண் நன்றாக அமர்ந்த பிறகு நட வேண்டும். மற்ற இடங்களில் குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். கன்று கிளறாத மண்ணின் மேல் உட்கார வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்தாலும், பாத்தி கட்டுகிறேன் என்று பிற்பாடு யாராவது தண்டைச் சுற்றி மண்ணைக் குவித்துவிடுவார்கள்.

அந்த மகிழங்கன்றைத் தூக்கிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆளுயரத்துக்கு உட்பட்ட, நட்டு ஓராண்டுக்குள் இருக்கும் எந்தக் கன்றுக்கும் இதுவே முறை. முந்தைய நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தோம். உலர்ந்த மண்பந்து தூக்கும்போது உதிர்ந்துவிடும், சேறாக இருந்தால் வழுக்கிக் கரைந்துவிடும். மறுநாள் வெயில் தாழ்ந்ததும், முதலில் தண்டோரத்து மண்ணைக் கையாலேயே விலக்கினோம். ஆறு விரல் ஆழத்தில் முதல் பக்கவேர். அதற்கு மேலே புதைந்திருந்த பட்டை, வெளியிலுள்ள சாம்பல் நிறத்தை இழந்து, நனைந்த கறுப்பாக இருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை. அழுகல் இன்னும் தொடங்கவில்லை.

நட்டபோது இருந்த பையின் அளவுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, வட்டமாக மண்வெட்டியால் வெட்டி அகழி எடுத்தோம். புதிதாக ஓடியிருந்த வெண்ணிற வேர்நுனிகள் அந்தச் சுவரில் நூல் நூலாகத் தெரிந்தன. பந்துக்கு அடியிலும் குடைந்து விடுவித்த பிறகு, பெரியவர் நனைத்த சணல் சாக்கு ஒன்றைப் பாதிவரை சுருட்டினார். பந்தை ஒருபுறம் மெல்லச் சாய்த்து, சுருட்டிய பக்கத்தை அடியில் செருகி, மறுபுறம் சாய்த்து, சுருளை இழுத்து விரித்தார். கன்று சாக்கின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. சாக்கின் நான்கு முனையையும் ஆளுக்கு இரண்டாகப் பிடித்துத் தூக்கினோம். எக்காரணம் கொண்டும் தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. மண்பந்தின் எடை முழுவதும் இளவேர்களில் தொங்கி, அவை அறுந்துவிடும். குழிக்குள் மண்ணைப் போட்டுக் காலால் மிதித்து இறுக்கி, குறுக்கே ஒரு கம்பைப் படுக்க வைத்து மட்டம் பார்த்தார் பெரியவர். கம்புக்கு இரண்டு விரல் மேலே பக்கவேர் தெரியும்படி கன்றை இறக்கி, சாக்கை உருவினார். அங்கே களிமண் என்பதால் இரண்டு விரல் மேலே. மணலாக இருந்தால் தரைமட்டத்துக்கே வைக்கலாம்; மேலே தூக்கி வைத்த பந்து மணலில் சீக்கிரம் காய்ந்துவிடும்.

பந்தைச் சுற்றி மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றி அமர விட்டோம். இலைகளைக் கழித்துவிடலாமா என்று பெரியவர் கேட்டார். வேர் குறைந்ததற்கு ஈடாக இலையையும் குறைப்பது பழைய வழக்கம். ஆனால் புதுவேர் விடத் தேவையான சர்க்கரை இலையிலிருந்தும், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் துளிர்களிலிருந்தும்தான் வருகின்றன. முறிந்த கிளையைத் தவிர எதையும் வெட்ட வேண்டாம். இதைச் செய்ய ஏற்ற காலம் மழை தொடங்கும் சமயம். கத்திரி வெயிலில் கூடவே கூடாது.

நட்டு மூன்று நான்கு ஆண்டு ஆகி, தண்டு கையளவு பருத்துவிட்ட மரத்தைத் தூக்குவது நடக்காத காரியம். அங்கே மரத்தை விட்டுவிட்டு மண்ணைத்தான் இறக்க வேண்டும். தூர் தெரியும்வரை தண்டோரத்து மண்ணை விலக்கி, இரண்டடி தூரத்துக்கு அகலத் தட்டு வடிவில் சரிவு கொடுப்பது முறை. வெளிநாட்டு மர மருத்துவர்கள் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி வேருக்குக் காயமில்லாமல் மண்ணை ஊதித் தள்ளுகிறார்கள். நமக்கு மூங்கில் குச்சியும் தண்ணீர்க் குழாயும் பொறுமையும் போதும். களைக்கொத்தை வெளி ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டையில் முளைத்திருக்கும் மெல்லிய சல்லிவேர்களையும், தண்டைச் சுற்றி வளைந்த பென்சில் பருமன் வேர்களையும் கூரான கத்தரியால் வெட்டிவிடலாம். வளைந்த வேர் பெரிதாக இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல் ஆண்டுக்கு ஒன்றிரண்டாக எடுப்பது நல்லது. அழுகிய பட்டை இருந்தால் செதுக்கி எடுத்துக் காய விட்டு போர்டோ பசை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தடவலாம். ஆனால் போன திசு போனதுதான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ (1930–2006), ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து உறுதிப்படுத்தியது இதைத்தான்: மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, அதைச் சுற்றி உள்ளே சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு வெளியே புது மரம் வளர்க்கிறது. சுவர் எழுப்பத் தெம்பிருக்கும்போதே நாம் போய்ச் சேர வேண்டும்.

தூர் ஒரு சாணுக்கும் கீழே இருந்து, நிலமும் சமதளக் களிமண்ணாக இருந்தால், தோண்டிய தட்டு மழையில் குட்டையாகிவிடும். வடிகால் வெட்ட முடிந்தால் வெட்டலாம். முடியாவிட்டால் என் முடிவு வேறு: பக்கத்தில் புதிதாக ஒரு கன்றைச் சரியாக நடுங்கள். சரியாக நட்ட கன்று சில ஆண்டுகளில் நோஞ்சான் மரத்தைத் தாண்டிவிடும்.

புதிதாக நடும்போது பையின் மேல்மண்ணைச் சுரண்டித் தூரைக் கண்டுபிடித்த பிறகே குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். பையைக் கிழித்து எறியுங்கள். பையோடு நடுபவர்களும் இருக்கிறார்கள். சுற்றிச் சுருண்ட வேர்களை வெட்டிவிடுங்கள். மூடாக்கு மூன்று விரல் தடிமன் போதும், அதுவும் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. தண்ணீரைத் தண்டின் மேல் ஊற்றாமல் பந்தின் விளிம்பில் ஊற்றுங்கள்.

சரியாக நட்ட மரத்தையும் பிற்பாடு புதைக்கும் வேலையை நம் ஊர்கள் செய்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போடுகிறோம். நடைபாதைக் கற்களைத் தண்டை ஒட்டிப் பதிக்கிறோம். 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. உங்கள் தெருவில் அடுத்த முறை சாலையோ நடைபாதையோ போட ஆட்கள் வரும்போது வாசலில் போய் நின்று அந்த ஒரு மீட்டரைக் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு உடைத்து எடுப்பதைவிட அது சுலபம்.